ஆறாவது நிமிடம்

காலையில் ஒரு மடக்குக் கஷாயம் குடிக்காவிட்டால் எனக்கு வேலை ஓடாது, ஐயா. ஸ்டேஷனில் வாங்கி வைத்த என் பையிலிருந்து இந்தப் பாட்டிலை மட்டும் திருப்பிக் கொடுத்தீர்களே, நல்ல மனசு உங்களுக்கு.

அது என் சகலை கண்டுபிடித்தது. மனைவியின் தங்கை கணவன். எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவனைச் சேர்த்துவிட்டதே நான்தான். மனசு உடைந்தால் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியா குறைகிறது, இந்த மூலிகைச் சாறு கொடுத்தால் அது பெருகி மனசும் தேறுகிறது என்று எலிகளை வைத்து நிரூபித்தான். வயிற்றில் புளியைக் கரைத்தது, வயிற்றில் பால் வார்த்தது என்று பேசுகிற நமக்கு மனசு எங்கே இருக்கிறதென்று சொல்ல எலி வேறு வேண்டுமா?

எலிகளின் மனசை உடைப்பது என் வேலை. கூண்டைச் சாய்த்து வைப்பேன், மரத்தூளை நனைப்பேன், விளக்கை நேரம் மாற்றிப் போடுவேன், துணையைப் பிரிப்பேன். ஆறு வாரத்தில் எலி மூலையைப் பார்த்து உட்கார்ந்துவிடும். பிறகு தொட்டித் தண்ணீரில் விட்டு, எப்போது நீந்துவதை நிறுத்துகிறது என்று குறிப்பேன்; மனசு விட்டுப்போன எலி சீக்கிரமே நிறுத்திவிடும். ஆறாவது நிமிடம் எடுத்துத் துவாலையால் துடைக்க வேண்டும். அது விதி.

உடைப்பது நான், ஒட்டுவது அவன். தலைமைப் பதவி ஒட்டியவனுக்குக் கிடைத்தது. முதலில் கைதட்டியவன் நான். எனக்கு வயிற்றெரிச்சலாம், வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று பேசுகிறார்கள்.

எலிக்குப் பலித்தது மனிதனுக்குப் பலிக்குமா என்று யாராவது பார்க்க வேண்டாமா? அவன் நாற்காலிக் கால் ஒன்றை விரலளவு அறுத்தேன். இருக்கையில் தினமும் கொஞ்சம் தண்ணீர் தெளித்தேன். அவன் அறை விளக்கு அடிக்கடி கெட்டுப்போனது. மச்சினியிடம் அவனைப் பற்றி ஒரே ஒரு பொய் சொன்னேன்; அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஐந்தாவது வாரமே மூலையைப் பார்த்து உட்கார்ந்தான். கெட்டிக்காரன், எலியை முந்திவிட்டான்.

"அண்ணா, என் கஷாயத்த நானே குடிச்சுப் பாக்கட்டுமா? வேற ஒண்ணும் தோணல."

"குடிப்பா. நானே கலந்து தரேன்."

எந்தச் சோதனையிலும் ஒப்பீட்டுக்கு ஒரு தரப்பு வேண்டும், ஐயா. அந்தத் தரப்புக்கு மருந்து கிடையாது. அதே நிறத்தில் வெறும் தண்ணீர். நாங்கள் இரண்டே பேர். எனக்கும் அப்போது மனசு சரியில்லை. பதவி போனதற்காக இல்லை, பொதுவாகத்தான். யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டேன். மூன்றாவது தடவை சரியாக விழுந்தது.

இருபது நாள் குடித்துவிட்டு, "என் மருந்தே பொய்ண்ணா," என்று அழுதான். மாலையில் காற்றாட நடக்கலாம் என்று கட்டடத்துக்குப் பின்னாலிருக்கும் குளத்துக்குக் கூட்டிப்போனேன். முதுகில் கை வைத்துத் தள்ளினேன். நன்றாக நீந்தத் தெரிந்தவன். நான்காவது நிமிடத்தில் நிறுத்திவிட்டான், குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். துவாலைகூடக் கையில் இருந்தது. ஆனால் விதி ஆறாவது நிமிடம் என்கிறதே. சரியாக அப்போது இழுத்துப்போட்டுத் துடைத்தேன். மூச்சு இல்லை.

பாவம், அவன் மருந்து பொய்யே இல்லை. இரண்டு வேளையும் நான் குடிக்கிறேனே. நன்றாகப் பசிக்கிறது, படுத்தால் தூக்கம் வருகிறது. வயிற்றில் எரிச்சல் என்பதே இல்லை, ஐயா.