மீன்கள் பிழைத்திருந்தன

நாலு மணிக்கு நான் இறால் நறுக்கிக்கொண்டிருந்தேன், மேடம். பட்டாம்பூச்சி மீனுக்கு வாய் சின்னது. கடுகளவுக்குப் பொடியாக நறுக்க வேண்டும். முன்னறையில் ஆறடிக் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவரைக் கட்டிக்கொண்டால் இதெல்லாம் பழகிவிடும்.

என் வீட்டுக்காரர் எபினேசருக்குச் சாத்தாங்காட்டில் இரும்புக் கடை. ராயபுரத்திலேயே வளர்ந்தவர், கவனமானவர். உப்பு நீர் தெறித்து பிளக்கெல்லாம் வெள்ளை பூத்து, கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடும் டிரிப் ஸ்விட்ச் அடிக்கடி விழும். விழுந்தால் பம்பு நிற்கும், மீன் மூச்சு முட்டிச் சாகும். அதனால் அதைத் தொட்டி லைனிலிருந்து கழற்றிவிட்டார். பதிலுக்கு எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. தொட்டியின் ஸ்விட்ச் சமையலறையில் இருந்தது. தண்ணீரில் கை வைக்கும்முன் அவர் குரல் கொடுப்பார்: "ஷெர்லின், ஆஃபா?" நான் அணைத்துவிட்டு "ஆஃப்" என்பேன். பதினான்கு வருடத்தில் ஒருமுறையும் தவறியதில்லை.

எங்கள் மகள் மகிமா போன வருடப் புயலில் இறந்தாள். பதினோரு வயது, வீசிங். விடிந்ததிலிருந்து கரண்ட் இல்லை. தெருவில் இடுப்பளவு தண்ணீர். நெபுலைசரை மாட்டினோம், இன்வெர்ட்டர் எடுக்கவில்லை. பேட்டரி செத்துவிட்டது என்றார் அவர். அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது அவள் கை தொங்கியது.

சாயங்காலம் வீடு திரும்பினோம். பட்டாம்பூச்சி மீன்கள் இரண்டும் பிழைத்திருந்தன.

அதைப் பற்றி நிறைய யோசித்தேன். காற்று இல்லாமல் அவை நாலு மணி நேரம் தாங்காது என்று அவரே சொல்லியிருக்கிறார். அப்படியானால் இன்வெர்ட்டர் ஓடியிருக்கிறது. மகளுக்கு இல்லாத கரண்ட் மீனுக்குக் கிடைத்திருக்கிறது. நான் கேட்கவில்லை, கேட்டால் பதில் தயார் செய்துகொள்வார். கவனித்தேன். தொட்டி முன்னால் உட்கார்ந்து அழுதார். பாதிச் சோற்றில் எழுந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்வெர்ட்டர் பார்க்க வந்த ஜஹாங்கீர் சொன்னார்: "இன்னாக்கா, பேட்டரில சொட்டுத் தண்ணி இல்ல. காஞ்சி கருவாடா கீது. மாசாமாசம் ஊத்தச் சொல்லிட்டுத்தானே போனேன்?"

"வுடு நைனா, புச்சு மாட்டு" என்று எபினேசர் அவசரமாகக் குறுக்கிட்டார். மறைக்க ஏதோ இருப்பவர்தான் பேச்சை வெட்டுவார். அதையும் மனதில் குறித்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை பம்பு நின்றுவிட்டது. அவர் சோப்பு டப்பா அளவில், செல் போட்டு ஓடும் ஒரு காற்றுப் பெட்டியை எடுத்து, அதன் குழாயைத் தொட்டியில் விட்டார். குமிழிகள் வந்தன.

"இது எப்ப வாங்கினீங்க?"

"புயலுக்கு முன்னாலேந்தே கீதும்மே. செல்லுகூட நீதான் வாங்கியாந்த. அன்னிக்குப் பூரா இதான் ஓடிச்சு." பிறகு சொன்னார்: "பம்பு வயர் வெடிச்சிக்கீது. ஆஃப் பண்ணிவை. நீ கை வைக்காத, நான் வந்து மாத்துறேன்."

அணைத்தேன். அவர் கடைக்குப் போனார். எனக்கு ஒரு பகல் முழுவதும் இருந்தது.

பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. அது எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். ஒரு வருடமாக அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லாம் தெரிந்த ஒருவர் தினமும் எதிரில் உட்கார்ந்து, குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்வதை யோசித்துப் பாருங்கள். என்றைக்காவது எடுத்துச் சொல்லத்தானே அதைச் சேர்த்து வைத்திருப்பார்?

மூன்றரைக்கு ஸ்விட்சைத் திரும்பப் போட்டேன். பம்பு ஏற்கெனவே கெட்டிருந்ததால் சத்தம் எதுவும் வரவில்லை. நாலு மணிக்கு அவர் புதுப் பம்போடு வந்து, ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்றார்.

"ஷெர்லின், ஆஃபா?"

என் கையெல்லாம் இறால். "ஆஃப்" என்றேன்.

மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவை தரையில் நிற்பதில்லை.

நீங்கள் எஃப்.ஐ.ஆரில் விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள், அன்புக்கரசி மேடம். மாற்றிவிடுங்கள். மகளுக்காகத் தாய் செய்தது என்று எழுதுங்கள். வீட்டைச் சோதிக்க வருபவர்களுக்கு ஒரு விவரம்: சமையலறை அலமாரியின் அடித்தட்டில் பேட்டரிக்கு வாங்கிய தண்ணீர் கேன் இருக்கிறது. ஐந்து லிட்டர். மூடியின் சீல் இன்னும் உடைக்கப்படவில்லை.