ஆகாயத்து டியூஷன்

அச்சுவேலியில் பஸ் ஏறின தாயும் மகளும் இருக்க இடமில்லாமல் என் சீற்றுக்குப் பக்கத்தில் நின்றே கதைத்தார்கள்.

"விமானி லைசென்ஸ் எடுத்திட்டாய். பிறகும் ஏன் வேலை தரமாட்டினமாம்?"

"பறந்த மணித்தியாலம் காணாதாம், அம்மா. அதைச் சேர்க்கத்தான் புது ஆக்களுக்கு பிளேன் ஓட்டப் படிப்பிக்கப் போறன்."

"அப்ப உதுவும் டியூஷன்தான். கம்பஸிலை பட்டம் முடிச்சு வேலையில்லாததுகள் இஞ்சை ஓலைக் கொட்டிலுக்கை செய்யிறதை நீ ஆகாயத்திலை செய்யப்போறாய்."

"ஓம், அப்பிடித்தான்."

"உன்னட்டைப் படிக்கிறதுகள் பிறகு என்ன செய்யுங்கள்?"

"அவையும் மணித்தியாலம் சேர்க்கப் படிப்பிப்பினம்."

"எல்லாரும் படிப்பிச்சுக்கொண்டிருந்தால், ஆர், பிள்ளை, சனத்தை ஏத்திக்கொண்டு போறது?"

மகள் வாய் திறக்கமுதல் கொண்டக்டர் முந்திக்கொண்டார்.

"நாங்கள்தான், அம்மா. கொஞ்சம் உள்ளுக்குப் போங்கோ."