தொண்ணூறு நாட், பத்து டிகிரி

மாலை ஐந்தே முக்கால். தொண்ணூற்று ஒன்பதாம் வருஷம், டிசம்பர் மாதம். ஆள் நடமாட்டமில்லாத வழி... ஆனால் ரோடு இல்லை. கொடைரோடு ஸ்டேஷனுக்கு மேலே, ஏழாயிரம் அடி உயரத்தில், மேகத்துக்குள். சின்ன விமானம், நாலு சீட். உள்ளே ஒருத்தி மட்டும்.

அந்த ஒருத்தி ஆனந்தமேரி. நம் மில்லில் வேலை பார்க்கிற ஷைனியின் நாத்தனார், திண்டுக்கல் மேட்டுப்பட்டிக்காரி. நம்பாதவர்கள் நாளைக்கு ஷிப்டில் ஷைனியையே கேட்டுக்கொள்ளுங்கள். நம் மில் பஸ் பஞ்சர்; டிரைவர் டயர் மாற்றி முடிக்க எப்படியும் அரை மணி ஆகும். பஸ்ஸுக்குள் இருட்டில் கொட்டாவி விடுவதற்கு இதைக் கேட்கலாம். மணிமேகலை, நீ என் பக்கத்தில் உட்கார்.

அந்த விமானத்தை மேகத்துக்குள் கொண்டுபோக எல்லாருக்கும் பயம். காரணம், வலது சீட். ஆரோக்கியதாஸ் என்று ஒரு கேப்டன் இருந்தார், பருத்த ஆள், வாயில் எப்போதும் கிராம்பு. வேறொரு விமானத்தில், மேகத்துக்குள் இறங்கும்போது, அவசரப்பட்டு பிளாப்பை முழுசாக இறக்கிவிட்டார். பிளாப் என்பது இறக்கையின் பின்விளிம்பில் மடங்கி இறங்கும் தகடு. அது இறங்கினால் வேகம் குறையும். தரை கண்ணில் பட்ட பிறகு இறக்கினால் நல்லது. ஒன்றும் தெரியாத மேகத்தில் இறக்கிவிட்டுக் கவனம் தப்பினால் விமானம் கல்லாக விழும். விழுந்தது. அவர் செத்துப்போனார். உடைந்ததில் நன்றாக இருந்தது அவர் உட்கார்ந்திருந்த வலது சீட் மட்டும். அதைக் கழற்றி இதில் மாட்டிவிட்டார்கள்.

விமானம் ஓட்டக் கற்றுத்தரும் பயிற்சிக் கிளப்பில் இரண்டு ஆண்கள் மாட்டேன் என்று சாவியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவர்களை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனந்தமேரியிடம் மட்டும் கிளப் தலைவர் சொன்னார்: "இதுல மதுரைக்குப் போயி, நாளைக்குத் திரும்பி வந்தாத்தான் உனக்கு வாத்தியார் வேல. பயமா இருந்தாச் சொல்லிரும்மா, வீட்டுக்குப் போயிரலாம்."

இதைச் சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

"சாவியக் குடுங்க" என்றாள். அவ்வளவுதான்.

மேகத்துக்குள் இறங்க ஒரு முறை உண்டு. தொண்ணூறு நாட் வேகம், அதாவது மணிக்குச் சுமார் நூற்று அறுபத்தைந்து கிலோமீட்டர். பத்து டிகிரி பிளாப். ஓடுபாதை தெரிகிறவரை இரண்டையும் மாற்றக் கூடாது. மதுரையை நெருங்கியதும் அவள் அப்படியே வைத்தாள். கண்ணாடிக்கு வெளியே வெறும் வெள்ளை. மழை தகரத்தில் மணல் கொட்டுவதுபோல் அடித்தது. இரண்டாயிரம் அடியில் கிராம்பு வாசம் வந்தது. அவளிடம் கிராம்பு கிடையாது.

பிறகு... ங்ங்ங்... பிளாப் மோட்டார்.

விமானத்தின் மூக்கு மேலே எழும்பியது. வேகமுள் எண்பது... எழுபது... அவள் பிளாப் பிடியைத் தொடவே இல்லை. அது அடிவரை இறங்கியிருந்தது. அதன் மேல் நாலு விரல். நனைந்த வெள்ளைச் சட்டைக் கை, வலது சீட்டிலிருந்து.

மணிமேகலை, என் கையை விடு. நகம் குத்துகிறது.

"பயமா இருக்குக்கா."

"பயந்தாக் காதப் பொத்திக்க."

அறுபது... ஐம்பத்தைந்து... இறக்கைப் பக்கம் பீ... என்று ஒரு ஊதல். விழப்போகிறேன் என்று விமானம் சொல்லும் சத்தம் அது.

கழுத்தில் ஜெபமாலை இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. மூக்கைக் கீழே அழுத்தினாள். எஞ்சினை முழுசாகத் திறந்தாள். பிளாப்பை ஒரேயடியாக ஏற்றினால் விமானம் தொப்பென்று இறங்கிவிடும். அதனால் ஒரு படி ஏற்றினாள். விரல்கள் மறுபடி இறக்கின. ஏற்றினாள். இறக்கின. ஆயிரத்து இருநூறு அடி. கீழே ஊர் இருக்கிறது, தெரியவில்லை.

அவளுக்குப் பயம் இருந்தது. அதை ஷைனியிடம் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறாள். ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது. உயிரோடு இருக்கிறவர்கள் குறுக்கே நின்றது போதாதென்று செத்தவரும் வந்துவிட்டார்.

அந்த விரல்களின் மேல் தன் கையை வைத்து அமுக்கினாள். ஐஸ்.

"சார், செத்தது நீங்க. நான் இல்ல. இது என் வண்டி. கூட வாரதுன்னா பெல்ட்டப் போட்டுக்கிட்டுச் சும்மா வாங்க. இல்லேன்னா கதவு அந்தப் பக்கம் இருக்கு."

எஞ்சின் இரைச்சல்... மழை... விரல்கள் கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு அவள் கை வெறும் பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

பிளாப்பைப் படிப்படியாக ஏற்றினாள். வேகம் வந்தது. தப்பித்தது போதும் என்று அவசரப்பட்டு இறங்கவில்லை. மேலே ஏறி, சுற்றிக்கொண்டு, முதலிலிருந்து அதே மேகத்துக்குள் வந்தாள். தொண்ணூறு நாட். பத்து டிகிரி. இரண்டாயிரம் அடியில் கிராம்பு வாசம் இருந்தது. மோட்டார் சத்தம் இல்லை. ஆயிரம் அடியில் மேகம் விலகி ஓடுபாதை விளக்குகள் தெரிந்தன. அதன் பிறகு பிளாப்பை அவளே இறக்கினாள்.

மதுரையில் மெக்கானிக் பொன்னழகு குடையோடு ஓடிவந்து வலது கதவைத் திறந்தார். அப்படியே நின்றுவிட்டார். காலி சீட்டில் பெல்ட் மாட்டியிருந்தது. தொய்ந்து கிடக்கவில்லை. பருத்த வயிற்றைச் சுற்றியதுபோல் காற்றில் வளைந்து நின்று... மெல்ல ஏறியது... இறங்கியது... ஏறியது...

பொன்னழகுவின் கை கொக்கியிடம் போனது.

"அவுக்காதீங்கண்ணே" என்றாள் ஆனந்தமேரி. "நாளைக்குத் திரும்பிப் போகணும். வழியெல்லாம் மேகம்."