கேமரா ஒயரில் வைத்த சந்தனம்

என் பெயர் ஹேமாவதி, வயது 43, கணவர் பெயர் இளங்கோ, காலமாகிவிட்டார். அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் ஆறு வீடுகள் கொண்ட அடுக்ககத்தில் இரண்டாவது மாடியில் ஒன்பது வருடமாகக் குடியிருந்து வருகிறேன். என் மகள் கோயம்புத்தூரில் நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். இன்று செவ்வாய்க்கிழமை காலை என்னை யாரும் அழைத்து வரவில்லை, நானே ஆட்டோ பிடித்துக் காவல் நிலையத்துக்கு வந்தேன். எதிர்வீட்டுத் தமிழரசுவின் கம்ப்யூட்டரைக் கெடுத்தது நான்தான், வாட்ச்மேன் நாகப்பன் இல்லை, இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லும்படி உதவி ஆய்வாளர் ஐயா சொன்னதால் வரிசையாகச் சொல்கிறேன்.

நான் ஒரு தனியார் நர்சரிப் பள்ளியில் பதினான்கு வருடமாக மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்து வருகிறேன். அஞ்சல் வழியில் படித்த பட்டப்படிப்பில் புள்ளியியல் என்ற ஒரே ஒரு தாள் எனக்கு அரியராக நின்றுவிட்டது. பட்டம் இல்லாதவர்களுக்கு ஜனவரி முதல் வேலை இல்லை என்று பள்ளியின் புது நிர்வாகம் சொல்லிவிட்டது. அதன் பிறகு நான் பரீட்சைக்குப் பணம் கட்டினேன். வீட்டிலேயே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கேமரா நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்க எழுத வேண்டிய பரீட்சை அது. மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பரீட்சை, பத்தே காலுக்கு மேல் உள்ளே விட மாட்டார்கள். என் கம்ப்யூட்டர் பழசு, அதில் கேமரா இல்லை என்பதால் யு.எஸ்.பி. ஒயர் வைத்த கேமரா ஒன்று வாங்கி, திங்கட்கிழமையே மாட்டிப் பார்த்தேன். நன்றாக வேலை செய்தது.

அதன் பிறகு புதன்கிழமை ஆயுத பூஜை வந்தது. புத்தகம், பேனா, கம்ப்யூட்டர், கேமரா எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டேன். கேமராவின் கண்ணில் வைத்தால் மறைக்குமே என்று யோசித்து, ஒயர் முனையில், கம்ப்யூட்டருக்குள் நுழைகிற அந்தத் தகரவாய்க்குள் கட்டைவிரலால் கெட்டியாக ஒரு பொட்டு வைத்தேன். வேலை செய்கிற இடம் அதுதானே என்று நினைத்தேன். பூஜையில் வைத்ததை எடுக்கக் கூடாது என்று மறுநாள் வரை தொடவில்லை. விஜயதசமியன்று கம்ப்யூட்டரை மட்டும் போட்டுப் படித்தேன், கேமராவை மாட்டவில்லை. மாட்டிப் பார்த்ததுதானே என்று இருந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்குக் கேமராவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மாட்டினேன். டக்கென்று கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது. எடுத்தால் மறுபடி வந்தது, மாட்டினால் மறுபடி அணைந்தது. அதன் பிறகு கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஜம்புலிங்கத்துக்குப் போன் செய்தேன். லீவுக்காகத் திருத்தணியில் மாமியார் வீட்டில் இருந்தார். “முன்னாடி ஓட்டைல கரெண்ட்டு பத்தாது மேடம், பின்னாடி சொருவிப் பாருங்க” என்றார். பின்னால் சொருகினேன், அங்கும் அணைந்தது. “அப்ப உங்க பெட்டி புட்டுகிச்சு மேடம், நாளைக்கு வந்து பாக்கறேன்” என்றார். நாளைக்கு வந்து என்ன பிரயோஜனம், ஐயா? ஏழு தடவை மாட்டினேன். ஒவ்வொரு தடவையும் அந்தப் பொட்டைப் பார்த்தேன். சாமிப் பொட்டை யாராவது அழிப்பார்களா? அழிக்கவில்லை.

மணி ஒன்பதரை ஆகிவிட்டது. எதிர்வீட்டுத் தமிழரசு ஐ.டி. கம்பெனியில் வேலை பார்ப்பவர், பட்டுக்கோட்டைப் பக்கம். பூஜை லீவுக்கு மனைவியோடு ஊருக்குப் போகும்போது செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி என்னிடம் சாவி கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அப்போதே, “அக்கா, ஹால்ல கம்ப்யூட்டர் ஓடிட்டே இருக்கும். ஆபீஸ் வேலை பதினோரு நாளா ஓடுது, ஞாயித்துக்கிழமைதான் முடியும். அதை மட்டும் யாரும் தொடாம பாத்துக்கங்க” என்று சொல்லியிருந்தார். அவருக்கு நாலு தடவை போன் செய்தேன், தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாகச் சொன்னது. அவருடைய வேலையைத் தொடாமல் பக்கத்தில் என் பரீட்சையைத் திறந்துகொள்ளலாம், அவருக்குத் தெரியவே தெரியாது என்று நினைத்தேன். தப்பு என்று தெரிந்தேதான் ஒன்பது நாற்பதுக்குப் பூட்டைத் திறந்தேன்.

கெட்டது என் கம்ப்யூட்டர்தான், கேமரா நல்லது என்று முழுதாக நம்பினேன். பூஜையில் வைத்த பொருள் மேல் சந்தேகமே வரவில்லை. முருகா என்று சொல்லி மாட்டினேன். படபடவென்று ஒரு சத்தம் வந்து திரை அணைந்தது, தீய்ந்த வாடை வந்தது. மறுபடி பொத்தானை அழுத்திப் பார்த்தேன், உயிர் வரவில்லை. அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பத்தே கால் தாண்டியதும் கேமராவை எடுத்துக்கொண்டு, பூட்டைப் பூட்டிக்கொண்டு என் வீட்டுக்குப் போனேன். அன்று செடிக்குத் தண்ணீர் ஊற்றவில்லை.

மறுநாள் சனிக்கிழமை ஜம்புலிங்கம் வந்தார். ஒயர் முனையைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். “இன்னா மேடம் இது, ஒயருக்கெல்லாமா பொட்டு வெப்பாங்க? காஞ்சி கல்லாட்டம் கீது. உள்ள தகட வளைச்சி ஒண்ணோட ஒண்ணு ஒட்ட வெச்சிடுச்சி. இத எதுல சொருவினாலும் அது காலி” என்றார். நான் எதிலெல்லாம் சொருகினேன் என்று அவருக்குச் சொல்லவில்லை. அன்று மதியம் பரீட்சை அலுவலகத்தில் இருந்து, கருவிக் கோளாறால் எழுத முடியாதவர்களுக்கு இருபத்தைந்தாம் தேதி இன்னொரு வாய்ப்பு என்று செய்தி வந்தது. தலைமை ஆசிரியையும் அதன் முடிவு வரும்வரை பொறுப்பதாகச் சொன்னார். போன உயிர் திரும்பி வந்தது போல் இருந்தது. அந்த ஆசையில்தான் வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தமிழரசு திரும்பி வந்து பார்த்தார். யாரோ வீட்டுக்குள் வந்து கம்ப்யூட்டரில் எதையோ சொருகியிருக்கிறார்கள், முன்பக்க ஓட்டைக்குள் சந்தனம் ஒட்டியிருக்கிறது, நாங்கள் இந்த வருடம் பூஜையே போடவில்லை என்று புகார் கொடுத்தார். விசாரிக்க வந்த காவலர், சாவி வேறு யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். “ஒண்ணு எதிர்வீட்டு அக்காகிட்ட இருந்துச்சு. அவங்க டீச்சர் சார், அவங்களப் பத்திக் கேக்கவே வேணாம்” என்று தமிழரசு என் முன்னாலேயே சொன்னார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னொரு மாற்றுச் சாவி வாட்ச்மேன் நாகப்பனிடம் இருந்தது. அவர் முருக பக்தர், தினமும் நெற்றி நிறையச் சந்தனம் பூசுகிறவர். காவலர் அந்த நெற்றியைப் பார்த்தார். “நான் அந்த ஊட்டாண்டகூடப் போவல சார், மெய்யாலுமே போவல” என்று நாகப்பன் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. நேற்று முழுக்க அவரை நிலையத்தில் உட்கார வைத்திருந்தார்கள்.

நேற்று மாலை அவர் திரும்பி வந்தபோது நெற்றியில் ஒன்றும் இல்லை, அழுந்தத் துடைத்திருந்தார். அடுக்ககத்துக்காரர்கள் அவர் சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு, வேறு ஆள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். படியில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. “நீ இன்னாத்துக்குமா அழுவுற? உன்ன யாரும் ஒண்ணும் சொல்லலயே” என்று என்னைத்தான் தேற்றினார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல் இருந்தது. இன்று காலையும் அவரை வரச் சொல்லியிருக்கிறார்கள். இதை நான் சொல்லும்போது அவர் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

பள்ளிக்குத் தகவல் போகும், அங்கே வேலை போகலாம், வழக்கறிஞரைக் கேட்டுவிட்டு வந்து சொல்கிறீர்களா என்று உதவி ஆய்வாளர் ஐயா இரண்டு தடவை கேட்டார்கள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. வேலை போனால் மகளின் படிப்பு என்ன ஆகும் என்று தெரியவில்லை. ஆனாலும் வேண்டாம், எழுதுங்கள் என்று சொல்லிவிட்டேன். தமிழரசுவிடம் நான் நேரில் போய்ச் சொல்லவில்லை, அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

மேலே எழுதியதை எழுத்தர் ஒரு தடவை படித்துக் காட்டினார். நான் ஒரு தடவை வாங்கி நானே படித்தேன். ஒரு வரியும் கூடுதல் இல்லை, குறைவும் இல்லை, அவ்வளவும் நடந்தது. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்ல வைக்கவில்லை. கையெழுத்துப் போடும் முன் நாகப்பனை வீட்டுக்கு அனுப்பச் சொன்னேன், அவரை அனுப்பிவிட்டார்கள். கையெழுத்துக்குக் கீழே ஆசிரியை என்று போடலாமா என்று கேட்டேன். “இன்னைக்குத் தேதிக்குப் போடலாம்மா” என்றார்கள். போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)
இ. ஹேமாவதி
ஆசிரியை