ஆறாம் பாகத்தின் மொட்டைமாடிக் காட்சி

எங்கள் உளவாளிப் படத்தின் ஐந்தாம் பாகத்தை வீட்டாருக்குப் போட்டுக் காட்டிய அன்று என் மாமியார் தூங்கிப் போனார். "அம்மா கண்ண மூடிக்கிட்டு ரசிக்கிறாங்க" என்றாள் மனைவி. குறட்டையோடு ரசிப்பவரை நான் அன்றுதான் பார்த்தேன்.

நீங்களும் சற்று முன்பு, "மொத ரெண்டு பாகம் பிரமாதம் சார்" என்றீர்கள். அவற்றை எடுத்தவர் வேறொருவர். மூன்றிலிருந்துதான் நான்.

மாமியார் ஒரே ஓர் இடத்தில் விழித்தார். உளவாளி கிரேனில் தொங்கும்போது கால் வழுக்கும் இடம். நான் எழுதியதல்ல, டூப்புக்கு உண்மையாகவே வழுக்கிவிட்டது. "ஐயோ, யாரு பெத்த புள்ளையோ!" என்றார். உளவாளி உலகத்தையே காப்பாற்றியபோது வராத ஐயோ அது. நிஜமாக விழுந்தால்தான் ஐயோ வரும் என்பது எனக்குப் பிடிபட்டுவிட்டது.

டூப்பை யூனிட்டில் பூனை என்போம். எங்கிருந்து விழுந்தாலும் காலூன்றி நிற்பான். எல்லாப் பாகங்களிலும் குதித்தவன் அவன். பேட்டிகளில் குதித்தவர் நாயகன். மாடி ஏறுமுன் கீழே விரித்த காற்றுப் பையை நான்கு மூலையிலும் மிதித்துப் பார்ப்பான். ஏறியபின் நேர்கீழே எட்டிப் பார்க்க மாட்டான், பார்த்தால் உடம்பு விறைத்துவிடும் என்பான். எதிரே தூரத்தில் நிற்கும் என்னை மட்டும் பார்ப்பான், நான் கட்டைவிரலை உயர்த்தினால் குதிப்பான்.

ஆறாம் பாகத்துக்காக அன்றும் மிதித்துவிட்டுத்தான் நான்கு மாடி ஏறி மொட்டைமாடிக்குப் போனான். சண்டைப் பயிற்சியாளரை நாயகனின் கேரவனுக்கு அனுப்பினேன். பை பிடிக்கும் இருவரிடம், "மொதல்ல பொம்மையத் தள்ளி ஒரு ஷாட். பைய எடுத்துடுங்கப்பா" என்றேன். எடுத்தார்கள். பாவம், பிள்ளைகுட்டிக்காரர்கள், அவர்களை விட்டுவிடுங்கள்.

வாக்கி டாக்கியில் பூனை கேட்டான்: "சார், கீழ என்னமோ இழுக்கிற சத்தம் கேக்குதே?"

"கேமராவ நகத்துறாங்கடா."

"ஒரு தடவ எட்டிப் பாத்துக்கவா?"

"நான் இருக்கேன்ல?"

"அதுவும் சரிதான். நாலு மணிக்குப் பொண்ண ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வரணும் சார். ஒரே டேக்ல முடிச்சிடுங்க."

"ஒரே டேக்தான்" என்றேன். அவனிடம் நான் என்றுமே பொய் சொன்னதில்லை, கேமரா விஷயம் தவிர.

கட்டைவிரலை உயர்த்தினேன்.

கூச்சல் கேட்டு நாயகன் விக்கைச் சரிசெய்தபடி கேரவனிலிருந்து இறங்கி வந்தார். கைதட்டல் என்று நினைத்துவிட்டார் போலும். "நல்லா குதிச்சேனா?" என்றார்.

பூனை அவசரப்பட்டுவிட்டான் என்று எல்லோரிடமும் சொன்னேன். விபத்து என்று முடிந்தது. எனக்கும் வருத்தம்தான். பள்ளிக்கூடத்துக்கு என் காரைத்தான் அனுப்பினேன், நாலு மணிக்குச் சரியாக.

அந்த ஷாட்டை எடிட்டர் படத்தில் சேர்க்கவில்லை. "பாக்க முடியல சார்" என்று அழுதார். இரண்டாம் கேமராவில் வெறுந்தரையும் என் கட்டைவிரலும் ஒரே சட்டகத்தில் பதிந்திருந்ததை அவர்தான் கண்டுபிடித்து உங்கள் ஸ்டேஷனில் கொடுத்திருக்கிறார். நான் வைத்ததிலேயே குறை சொல்ல முடியாத சட்டகம் அது.

படம் வெளியானது. இழுவை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். பூனையை நான்தான் கொன்றேன், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் படத்தைக் கெடுத்தது அந்த எடிட்டர். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.