புகை வெளியே வரவில்லை

எனக்கு முறுக்கு ரொம்பப் பிடிக்கும். இதை முதலில் சொல்லிவிடுகிறேன் ஐயா; நாளைக்கு யாரும் என்னை முறுக்குக்கு விரோதி என்று பேசக்கூடாது. அதிலும் பக்கத்து வீட்டு விமலா சுடும் முறுக்கு எங்கள் அசாம் ஜாவா ஊர் முழுக்கப் பேர்போனது. புருஷனை இழந்தவள். பின்சமையலறையில் விறகடுப்பு மூட்டி, தீபாவளி ஆர்டரை நம்பியே வருஷத்தை ஓட்டினாள்.

நான் எங்கள் தாமான், அதாவது இந்த வீடமைப்புப் பகுதி, குடியிருப்பாளர் சங்கத் தலைவர். போட்டியில்லாமல் தேர்வானவன். ஊர் நுரையீரலுக்கு யாராவது பொறுப்பேற்க வேண்டாமா? அவள் வீட்டுப் புகை சுவர் தாண்டி வந்து கொடியில் காயும் என் வெள்ளை வேட்டியில்தான் உட்காரும். நகராண்மைக் கழகத்தில் புகார் கொடுத்தேன். சுகாதார அதிகாரி வந்து பார்த்தார். வீட்டில் வியாபாரத்துக்கு விறகு எரிப்பது தப்புதான், ஆனாலும் தீபாவளி முடியட்டும், அப்புறம் கேஸ் அடுப்புக்கு மாறிக்கொள்ளட்டும், அதற்குள் இன்னொரு புகார் வந்தால் மூடத்தான் வேண்டும் என்றார். இந்த இரக்கத்தினால்தான் நாடு கெடுகிறது.

சங்கக் கூட்டத்தில் தூய காற்றைப் பற்றிக் கொஞ்சம் பேசினேன். விமலா எழுந்தாள்.

"தலைவரே, வெள்ளிக்கிழமையானா ஒங்க வூட்டு சாம்பிராணில ரோடே தெரிய மாட்டேங்குது லா. அது மட்டும் சாமி வுடுற மூச்சா? ஊருக்குத்தான் உபதேசம் போலருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவி கங்காவும் சிரித்தாள். நானும் சிரித்தேன். எனக்கு நகைச்சுவை உணர்வு உண்டு.

அதன்பின் விமலாவுக்கு நான் உதவத்தான் செய்தேன். காட்டுத்தீப் புகைமூட்டக் காலத்தில் வெளிப்புகை உள்ளே வராமல் ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி திணிப்போமே, அதையே அவளைத் திருப்பிச் செய்யச் சொன்னேன். உள்புகை வெளியே வராவிட்டால் யார் புகார் கொடுப்பார்கள்? அவளும் கதவைச் சாத்தி, துணி திணித்து, உள்ளேயே வெந்துகொண்டு சுட்டாள்.

அப்படியும் கதவுக்கு மேலிருந்த காற்றுத் துளைகள் வழியாகப் புகை கசிந்தது. தீபாவளிக்கு முதல் நாள் மத்தியானம் தகரம், ஆணி, ஏணியோடு பின்சந்துக்குப் போனேன்.

"யாரு அது?"

"நான்தாம்மா. ஓட்டைய அடைக்கிறேன்."

"அண்ணே, மூச்சு முட்டுது. தல வேற சுத்துது. கதவத் தொறந்துக்கிறேனே."

"தாராளமா தொற. நான் ஆபீசருக்குப் போன் போட்டுர்றேன்."

அவள் திறக்கவில்லை. பொறுப்பான பெண். கொஞ்ச நேரம் இருமினாள். கடைசி ஆணி அடிக்கும்போது இருமல் நின்றது. புகை பழகிவிட்டது என்று நினைத்ததாக உங்கள் போலீஸ்காரரிடம் முதலில் சொன்னேன். அது பொய். ஆள் விழுந்த சத்தம் கேட்டது. கதவில் பூட்டு இல்லை, ஒரு தள்ளுத் தள்ளினால் போதும் என்பதும் தெரியும். ஏணியை மடக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், கை கால் கழுவி, சாம்பிராணி போட்டேன். அன்று வெள்ளிக்கிழமை.

ஆகவே அவளைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். பொதுச் சுகாதாரத்துக்காகச் செய்தேன் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்தக் கூட்டத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. வேண்டுமானால் கங்காவைக் கேளுங்கள். அன்றைக்கு எல்லாரையும்விட அவள்தான் அதிக நேரம் சிரித்தாள்; அதைக்கூட நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.