நாற்பது புள்ளடிகள்

அவையை நடத்தும் தலைவர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோரே, பிள்ளையை மடியிலும் பெருமையை முகத்திலும் ஏந்தி வந்திருக்கும் தாய்மாரே, எங்கள் மருத்துவிச்சி அம்மையாரே, வணக்கம்!

புள்ளடி என்பது என்ன? எழுதத் தெரியாதவர் தாளில் இடும் குறுக்குக் கோடு. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? புள் என்றால் பறவை; அடி என்றால் கால். வாவிச் சேற்றில் கொக்கு நடந்த தடத்தைப் பாருங்கள், விளங்கும். எத்தனை அழகான பெயர்! கன்னியர் மடத்தில் பத்து வருடம் படித்த நான் அந்த அழகைக் கண்டேனா? இல்லை. அதை அறியாமையின் அடையாளம் என்றே எண்ணியிருந்தேன்.

சென்ற ஆடியில், நம் ஊருக்கு மருத்துவிச்சி வேண்டும் என்று மனு எழுதினேன். புஸ்பத்துக்கு அப்போது ஐந்து மாதம். முதற்பிள்ளையை, அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், நடுவாவியில் தோணியிலேயே பறிகொடுத்தவள் அவள். நாற்பது பெண்கள் ஒப்பமிட வந்தார்கள். வழக்கம் உங்களுக்குத் தெரியும்: எழுதுபவர் பேனாவைப் பிடிப்பார், மற்றவர் அதன் தலையைத் தொடுவார், புள்ளடி விழும். நாற்பதையும் நானே போட்டேன். நேராக, நிகராக, நூல் பிடித்தாற்போல!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், எனக்குத் தகும். மனு திரும்பி வந்தது, எல்லாம் ஒரே கையின் வேலை என்று.

என் கையழகே புஸ்பத்தின் வழியை அடைத்துவிட்டது. அவளிடம் போய்ச் சொன்னேன். அவள் அழவில்லை; மிச்சமிருந்த மாதங்களை விரல்விட்டு எண்ணினாள்.

பாய் இழைக்கும் ஆயிஷா உம்மா பக்கத்தில் இருந்தார். “என்னக்கா, நாப்பது பேருக்கும் ஒரே கொக்கா? பேனாவ விடுங்க. எங்கட கால நாங்களே வைப்பம்” என்றார்.

விட்டேன். அவர் தம் பாயின் ஓரத்தில் இழைக்கும் மும்முனைக் குறியை வரைந்தார். சின்னத்தங்கம் தன் குடியார் மாட்டுக்குச் சுடும் அடையாளத்தை இட்டாள். அன்னப்பூரணி ஏழு கோலப்புள்ளி வைத்தாள். மை சிந்தியது, தாள் கசங்கியது, பேனாவைத் திருப்பி வாங்கினேனா? இல்லை!

அந்த மனுவை அனுப்பினோம்; இம்முறை அதிகாரி அதைக் கையில் எடுத்துக்கொண்டு நேரிலேயே வந்தார். ஒவ்வொருத்தியையும் மறுபடி வரையச் சொன்னார். ஒரு கோடு மாறியதா? ஒரு புள்ளி பிசகியதா? “நம்பாட்டி எண்ட வாசலுக்கு வாங்க துரை, ஒத்துப் பாருங்க” என்றாள் அன்னப்பூரணி. துரை சிரித்துக்கொண்டே கையெழுத்திட்டார்.

கார்த்திகையில் மருத்துவிச்சி வந்திறங்கினார். அடுத்த வாரமே புஸ்பத்துக்கு வலி கண்டது. தோணி தேடி யாரும் ஓடவில்லை. பிள்ளை பெற்ற துடக்குக் கழிந்து இன்றுதான் அவள் வெளியே வந்திருக்கிறாள். அதோ, மூன்றாம் வரிசையில் மகள் அழுகிறாள், கேட்கிறதா? இந்த மேடையில் பேச அந்தச் சின்னவளைவிட உரிமை யாருக்கு உண்டு? தலைவர் அவர்களே, என் நேரத்தில் மிஞ்சியதை அவளுக்கே தருகிறேன்.

பொறுமையாய்க் கேட்ட அனைவருக்கும் நன்றி. வணக்கம்.